குண்டனி நாட்டுப் பிரான்சு

அயல்நாட்டு மொழி ஒன்றைப் படிக்கும் மாணாக்கர், அந்த மொழி வழங்கும் தேசத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் வாசம் செய்தாலன்றி, அதை இங்கே பிறருக்குக் கற்பிக்கும் தகுதி உடையவர் ஆகார் என்று சர்க்கார் ஒரு விதி செய்திருந்தது. நியாயமான விதி. நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் ஒரு தடவையாவது தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும் என்பதைப் போன்றது. அந்த விதியைப் படித்துவிட்டு யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. சிரிப்பு பிற்பாடுதான் வந்தது. அதுவும் வர வேண்டியவர்களுக்கு வரவில்லை.

ராசாமணி, கொல்லிமலை அடிவாரத்தில் கிணற்றுத் தோட்டமும் கொஞ்சம் மேட்டாங்காடும் வைத்திருந்த சுப்பண்ணனின் மகன். பட்டணத்துக் காலேஜில் சேரப்போன அன்று சமஸ்கிருதத்துக்குப் பெயர் கொடுக்கும் வரிசை தெருவரை நின்றது. பிரெஞ்சுக்கு வரிசையே இல்லை. வெயிலுக்குப் பயந்து எடுத்த முடிவு அது. பிறகு அந்த மொழி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. எழுதுவதில் பாதியை உச்சரிக்காமல் விட்டுவிடும் ஒரு மொழியில் பெரிய மனசு இருப்பதாக அவன் நினைத்தான். நன்றாகவே படித்தான். உபகாரச் சம்பளம் கிடைத்தது, பிரான்சு தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது, 1939ஆம் வருஷம் ஆவணி மாதம் கிளம்பும் கப்பலிலும் இடம் கிடைத்தது.

அவன் போய் வருவதை அவனைவிட ஆவலாக எதிர்பார்த்தவர் அவனுடைய தாய்மாமன் ஆறுமுகசாமி. அடிவாரத்தில் அவரைப்போல் நிலம் உள்ளவர் கிடையாது. அவருடைய மகள் அம்சவேணி ராசாமணிக்கு முறைப்பெண். அவளுக்கு அவன்தான் என்பது இருவரும் பிறந்தது முதல் இருந்த பேச்சு. இருவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லாததோடு, ஆசையும் இருந்தது. ஆனால் ஆறுமுகசாமியை அண்மையில் நாகரிகம் பிடித்திருந்தது. யாரும் உட்காராத நாற்காலிகளைக் கூடத்தில் போட்டிருந்தார். ஓடாத கடிகாரத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். இவை போதாமல், சீமைக்குப் போய் வந்த மாப்பிள்ளை ஒருவனும் வேண்டும் என்று தீர்மானித்தார். ராசிபுரத்து ரைஸ்மில்காரர் மகன் ஒருவன் கொழும்புவரை போய்வந்திருந்தான். கொழும்பும் கடல் தாண்டித்தான் இருக்கிறது என்பதை ஆறுமுகசாமி சாப்பாட்டு வேளைகளில் நினைவூட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த ஆவணிக்குள் ராசாமணி முறைப்படி சீமையிலிருந்து திரும்பி வந்தால் அம்சவேணி அவனுக்கு. இல்லாவிட்டால் கொழும்புக்கு.

கப்பல் கிளம்புவதற்கு முன் யுத்தம் கிளம்பிவிட்டது.

ராசாமணி தாலுகா ஆபீசுக்கு ஓடினான். அயல்நாட்டு வாசத்துக்கு அத்தாட்சி வழங்கும் அதிகாரம், சொந்த ஊர்த் தாசில்தாருக்குத்தான் இருந்தது. தாசில்தாரிடம் அத்தாட்சி வாங்க வேண்டுமானால் ஹெட்கிளார்க் மாணிக்கத்தைப் பார்க்க வேண்டும். மாணிக்கம் கெட்டவர் அல்லர். யாரையும் அவர் அலைக்கழித்தது கிடையாது. அவர் முன்னால் அலைச்சல் தானாகவே நடந்தது. பேசும்போதும் எழுதுவதுபோலவே பேசுவார். வீட்டில் ரசம் கேட்பதானாலும் முதலில் பொருள் குறிப்பிட்டுவிட்டுத்தான் கேட்பார் என்று சொல்வார்கள்.

கப்பல் நின்றுபோன கதையை ராசாமணி சொன்னான். பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக்காரர் ஊர்தானே, அங்கே ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தால் போதாதா என்று கேட்டான். மாணிக்கம் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"பாண்டிச்சேரிக்கு ரயில் போகிறது. ரயில் போகும் இடம் அயல்நாடு ஆகாது. தவிரவும், அங்கே தோசை கிடைப்பதாகக் கேள்வி."

பிறகு அவர் விதியைப் பிரித்துப் படித்தார். குளிர்ச்சியான சீதோஷ்ணம் உள்ளதும், நீரைக் கடந்து அடைய வேண்டியதும், மாணாக்கரின் வீட்டுச் சாப்பாடு எட்டாததும், பொறுப்புள்ள விடுதித் தலைவர் ஒருவரின் கண்காணிப்பில் உள்ளதுமான இடம் என்று அதில் கண்டிருந்தது. மாணிக்கம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே போயிற்று. ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலை இருந்தது. அதன் உச்சியில் மேகம் இருந்தது. அடிவாரத்தில் ஓடை இருந்தது.

ஆயுதபூஜைக்கு முன் காகிதக் கட்டுகளைக் குறைக்க வேண்டும் என்று தாசில்தார் பிரியப்பட்டிருந்தார். ஆகவே உத்தரவு சீக்கிரமே வந்தது. கொல்லிமலை மேல் குண்டனி நாட்டில் சின்னுசாமி என்னும் குடியானவருடைய வீடு, மேற்படி விதியின் பொருட்டும் அதன் பொருட்டு மட்டுமே, பிரான்சு தேசத்து மேற்படி பல்கலைக்கழகமாகப் பாவிக்கப்படும்.

"அங்க பிரெஞ்சு யாருங்க சொல்லிக் குடுப்பாங்க?" என்று ராசாமணி கேட்டான்.

"பேராசிரியர் பதவி காலியாக இருக்கிறது" என்றார் மாணிக்கம். "பதவி காலி என்பதற்காக எந்தப் பல்கலைக்கழகத்தையும் மூடுவதில்லை. தவிரவும், விதியில் வாசம் என்று இருக்கிறது. கற்றல் என்று இல்லை. நீங்களே பார்க்கலாம்."

ராசாமணி பார்த்தான். மறுபடியும் பார்த்தான். இல்லைதான்.

அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கை ஓடைக் கரையிலேயே காவல் நின்ற தலையாரி வாங்கிவைத்துக்கொண்டான். வீட்டுச் சாப்பாடு எட்டக்கூடாது அல்லவா. ராசாமணி ஓடையைக் கடந்து, பிரெஞ்சு இலக்கணத்தையும் அகராதியையும் சுமந்துகொண்டு மலை ஏறினான். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. கடற்பயணத்தில் வாந்தி எடுக்க வேண்டியதை ஏற்றத்தில் பாதி வழியில் எடுத்தான்.

சின்னுசாமி சாமையும் மிளகும் போடுகிறவர். தம்முடைய வீடு பிரான்சாக ஆகியிருப்பதை அவர் தலையாரி வாயால் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அதனால் நிலத்தீர்வை ஏறுமா என்று மட்டும் விசாரித்தார். ஏறாது என்றதும், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் என்பது ஒன்பது மாதம் என்றும், ஆனி மாதம் முடிந்துவிடும் என்றும் ராசாமணி சொன்னான்.

"அப்பச் செரிங்க. மழைக்கு மின்னாடிக் கூரை மாத்தணும். அதுக்கு எழுதிப்போட்டு உத்தரவு வாங்கோணுமுங்களா?"

வாங்க வேண்டியிருந்தது. பிரான்சுக்குக் கோரைப்புல் வேய அனுமதி வந்தபோது மழை முடிந்து பனி தொடங்கியிருந்தது.

சின்னுசாமியின் மனைவி பெருமாயி, பையன் இளைத்திருக்கிறானே என்பதைத் தவிர வேறு எந்த அரசியலும் கவனிக்கவில்லை. அவனை "கண்ணு" என்று கூப்பிட்டாள். சாமைச் சோறும் மிளகு ரசமும் தேனும் போட்டாள். மறந்துபோகாமல் இருக்க ராசாமணி விடியற்காலையில் கொட்டகைப் பக்கம் நின்று வினைச்சொற்களை முக்காலத்திலும் வரிசையாகச் சொல்வான். அப்போது கறக்காமல் முரண்டுபிடித்துக்கொண்டிருந்த ஒரு பசு, கேட்டுக் கேட்டு, அடங்கி நின்று பால் கொடுத்தது. மலைமேல் பக்கத்தில் இருந்த ஆலத்தூர் நாட்டிலிருந்துகூட முரட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர்காலத்துக்கு அடங்காத மாடு ஐயப்பாட்டு வினைக்கு அடங்கியது. பிரெஞ்சு மொழியால் நம் நாட்டில் நேரடியாகப் பயனடைந்தவர்கள் என்று இந்தப் பசுக்களைத்தான் சொல்ல வேண்டும்.

மலை விளிம்பில் ஒரு பாறை இருந்தது. அதில் உட்கார்ந்தால் கீழே அப்பாவின் கிணறும், கவலையில் தண்ணீர் இறைக்கும் மாடுகளும், கொஞ்சம் தள்ளி மாமா வீட்டு மச்சும் தெரியும். ஆனால் கடிதங்கள் அந்த வழியாக வர முடியாது. வெளிநாட்டுத் தபால் ஆகையால் சென்னைக்குப் போய், பம்பாய்க்குப் போய், தணிக்கை ஆகி, அங்கிருந்து பிரான்சுக்குப் போக வழியில்லாமல் திரும்பி வந்து மலை ஏறின. கிணறு வற்றிவிட்டது என்று அப்பா எழுதியது கைக்கு வந்தபோது, அது வற்றியதையும் ஊறியதையும் மறுபடி வற்றியதையும் அவன் பாறையிலிருந்தே பார்த்துவிட்டிருந்தான். ஒருமுறை அம்சவேணி எழுதியிருந்தாள்: "உங்க ஊர்ல இருந்து பார்த்தா எங்க ஊடு தெரியும்னு அத்தை சொன்னாங்க. மச்சு மேல செவப்புச் சேலை காயப்போட்டிருக்கேன். தெரியுதான்னு எழுதுங்க மாமா." தெரிந்தது என்று அன்றைக்கே பதில் எழுதினான். அது போய்ச் சேர்வதற்குள் சேலை வெயிலில் வெளுத்து ரோஜா நிறம் ஆகியிருந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை.

பொங்கலுக்கு மனசு கேட்காமல் அவன் ஒருநாள் இறங்கி வந்துவிட்டான். ஓடைக் கரையில் தலையாரி நின்றான். சிறு வயதில் ராசாமணியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவன். அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"சாமி, நீங்க பிரான்சுல இருக்கீங்க. இங்க நிக்கிறது நீங்களா இருக்க முடியாதுங்க."

இருக்க முடியாது என்றால் என்ன செய்வது. ராசாமணி திரும்பி ஏறினான். உத்தரவில்லாமல் இறங்கினால் வாசம் முறிந்துபோகும். வாசம் முறிந்தால் வேலை போகும். வேலைகூடப் போகட்டும், அம்சவேணி கொழும்புக்குப் போவாள்.

இதற்கிடையே அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களால் அடிவாரத்தில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. யுத்த காலம் ஆகையால் ஊர்ப்பெயர் எழுதக்கூடாது. "இங்கே" என்றுதான் எழுதுவான். இங்கே சாமைச் சோறு சாப்பிடுகிறார்கள், இங்கே கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதுவான். அவன் எங்கே இருக்கிறான் என்பது அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கடிதத்தின் மேல் பம்பாய் முத்திரை இருந்தது. சாமைச் சோற்றை இல்லாதவர்கள் சாப்பாடு என்று அதுவரை தொடாத ஆறுமுகசாமி, பீங்கான் தட்டில் அதைப் போட்டு விருந்தாளிகளுக்குக் கொடுத்தார். சித்திரை வெயிலில் கறுப்புக் கம்பளி போர்த்துக்கொண்டு சந்தைக்குப் போனார். பார்த்தவர்கள் மறுவாரம் கம்பளி வாங்கினார்கள். வேர்க்குருவுக்கு மருந்து விற்றவன் நன்றாகப் பிழைத்தான்.

ஆனி மாதம் வந்தது. ராசாமணி அகராதியைத் துணியில் கட்டினான். பெருமாயி வழிக்கு என்று தேன் குடுக்கை ஒன்றைத் தயாராக வைத்தாள். அந்த வாரம் பிரான்சு விழுந்துவிட்டது.

மாணிக்கமே நேரில் வந்தார். ஓடைக்கு அக்கரையில் நின்றுகொண்டார். தாண்டுவதற்கு அவருக்கு அனுமதிச்சீட்டு இல்லை. ராசாமணி இக்கரையில் மூட்டையோடு நின்றான். அவன் வாசம் செய்த இடம் இப்போது எதிரி வசம் இருப்பதாகவும், எதிரி வசமுள்ள இடத்திலிருந்து வருகிறவர்களை மேலிடத்தின் உத்தரவில்லாமல் உள்ளே விடுவதற்கில்லை என்றும் மாணிக்கம் வருத்தத்தோடு தெரிவித்தார்.

"பிரான்சு விழுந்ததுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

"நீங்கள் பண்ண வேண்டியது ஒன்றுமில்லை. அங்கேயே இருந்தால் போதும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"அது ஜெர்மானியரைப் பொறுத்தது."

மாணிக்கம் தம்மால் இயன்ற உதவியையும் செய்யாமல் இல்லை. பிரான்சு முழுதும் பிடிபடவில்லை, ஒரு பகுதி சுயேச்சையாக விடப்பட்டிருக்கிறது என்று பத்திரிகையில் படித்திருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பகுதியில் இருந்தது என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஜாக்கிரதையாக, சின்னுசாமி வீட்டின் முன்பக்கம் எதிரி வசம் என்றும், பின்பக்கத்து மாட்டுக்கொட்டகை சுயேச்சைப் பகுதி என்றும் பிரித்திருந்தார். ராசாமணி கொட்டகைக்கு மாறிக்கொள்வது அவனுடைய பாதுகாப்புக்கு நல்லது என்றும் யோசனை சொன்னார். பசுக்கள் அவனை அன்போடு ஏற்றுக்கொண்டன.

ஆடி பிறந்தது. ராசிபுரத்தார் தட்டு மாற்ற நாள் கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஆறுமுகசாமிக்கும் வருத்தம்தான். ஆனால் திரும்பி வராத மாப்பிள்ளையைச் சீமைக்குப் போய் வந்த மாப்பிள்ளை என்று எப்படிச் சொல்வது. அம்சவேணி அழுது அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்து அவர் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை. சாமைச் சோற்றைப் பீங்கான் தட்டில் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"கொழும்புக்குப் போய் வந்தவனைக் கட்டிக்கிட்டவ நம்ம பக்கம் நாலஞ்சு பேரு இருக்காங்கப்பா. பிரான்சுலயே கலியாணம் பண்ணிக்கிட்டவ ஒருத்தியாச்சும் இருக்காளா?"

ஆறுமுகசாமி கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. அன்று சாயங்காலமே ராசிபுரத்தாருக்கு மறுப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆவணியில் அடிவாரமே மலை ஏறியது. பிரான்சில் கல்யாணம் என்று பத்திரிகை அடித்திருந்ததால், அழைக்காதவர்களும் வந்தார்கள். ஏறும்போது எல்லோரும் கம்பளி போர்த்திருந்தார்கள். பாதி வழியில் கழற்றிப் பாறைமேல் போட்டுவிட்டார்கள். தாசில்தார் டோலியில் வந்தார். கல்யாணச் சாப்பாட்டை மறுக்கும் வழக்கம் அந்த உத்தியோகத்தில் கிடையாது. ஹெட்கிளார்க் மாணிக்கத்தை மட்டும் காணோம். அனுமதிச்சீட்டு இல்லாமல் அயல்நாட்டுக்கு வருவதற்கில்லை என்று தெரிவித்து, தேங்காய் பழம் கொடுத்தனுப்பியிருந்தார். தாசில்தார் அதைக் கேட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

தாலி கட்டியானதும், கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்த நேரத்தில், அம்சவேணி மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தாள்.

"இத்தனை மாசம் பிரான்சுல இருந்தீங்களே மாமா. ஒரு வார்த்தை சொல்லுங்க, கேப்போம்."

ராசாமணி வாயைத் திறந்தான். பெருமாயி மாட்டைத் திருப்பும்போது போடுகிற சத்தம்தான் வந்தது.

"நல்லாத்தான் படிச்சிருக்கீங்க" என்றாள் அம்சவேணி.

சாப்பிட்டு, பாக்குப் போட்டு, கூட்டம் இறங்கியது. ஓடைக்கு வந்தபோது அக்கரையில் புளியமரத்தடியில் ஒரு மேஜை போட்டு மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலையாரி. மாணிக்கம் எழுந்து தாசில்தாரைக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே, எசமான் எதிரி வசமுள்ள இடத்திலிருந்து அனுமதியில்லாமல் வருகிறபடியால் உள்ளே விடுவதற்கில்லை என்று தெரிவித்துக்கொண்டார்.

"நான் யார் தெரியுமா?" என்றார் தாசில்தார்.

"தெரியும் எசமான். அதுதான் வருத்தமாக இருக்கிறது. உத்தரவில் எசமான் கையெழுத்துத்தான் இருக்கிறது."

தாசில்தார் உத்தரவை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. வெயில் ஏறியது. குழந்தைகள் அழுதன. காலையில் அத்தனை பேரும் பந்தியில் சாப்பிட்டதெல்லாம் இறக்கத்திலேயே செரித்துவிட்டிருந்தது. வேறு வழியே இல்லையா என்று ராசாமணி கேட்டான். இருக்கிறது என்றார் மாணிக்கம். எதிரி பிடித்த இடத்திலிருந்து தப்பி வரும் அகதிகளைத் தடையின்றி ஏற்று, ஆளுக்கு ஒரு கம்பளியும் ஒருவேளைச் சோறும் கொடுக்க வேண்டும் என்று சர்க்காரின் சுற்றறிக்கை வந்து ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது. வீடுவாசல், நிலபுலம், பிழைக்க ஒரு வேலை ஏதும் அற்றவர் என்று அவரவர் வாயால் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான்.

"இதைய மின்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றான் ராசாமணி.

"நீங்கள் இறங்க அனுமதி கேட்டு எழுதியிருந்தீர்கள். ஏற்றுக்கொள்ளும்படி கேட்கவில்லை."

முதலில் யாரும் முன்வரவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறது. பிறகு தலையாரி கம்பளிக் கட்டைப் பிரித்தான். பட்டாளத்துக்கு நெய்த நல்ல கம்பளி. ஆறுமுகசாமி சந்தையில் வாங்கியதைவிடக் கனம். ஆறுமுகசாமி அதைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கனைத்துக்கொண்டு, தமக்கு வீடில்லை, நிலமில்லை, பிழைக்க வழியில்லை என்று உரத்த குரலில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் வரிசை நேராக நின்றது. தோட்டக்காரர்களும் மச்சு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து ஏதுமற்றவர்கள் ஆனார்கள். தாசில்தார், தமக்கு உத்தியோகம் ஏதும் இல்லை என்று எழுதி, பழக்கதோஷத்தால் கீழே தாசில்தார் என்று போட்டு, அடித்தார். ராசாமணியும் அம்சவேணியும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். இறங்கிவிட்டான். முறைப்படி, ஆவணிக்குள், பெண்டாட்டியோடு இறங்கிவிட்டான். அத்தாட்சியும் கைக்கு வந்தது. சர்க்கார் கொடுப்பதாகச் சொன்ன சோறு மட்டும் வரவில்லை. அரிசிக்கு மேலிடத்து ஒப்புதல் வர வேண்டியிருந்தது.

அப்போதுதான் சின்னுசாமியும் பெருமாயியும் தலையில் வாழைக்கூடையோடு சந்தைக்கு இறங்கி வந்தார்கள். தலையாரி அவர்களைப் பார்த்துத் தலையசைத்து வழி விட்டான். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று மாணிக்கம் கேட்கவில்லை. கூடை சுமப்பவர்கள் பிரயாணிகள் அல்லர். ராசாமணி அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையில் ஒரு வாழைத்தார் இருந்திருந்தால் பொங்கலுக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்பது அவனுக்கு அந்த வெயிலில் மெல்ல விளங்கியது.

பெருமாயி கரையில் நின்றுவிட்டாள். காலையில் பட்டும் நகையுமாகத் தன் வீட்டு வாசலில் பார்த்தவர்கள், ஒவ்வொருவராக வந்து வீடில்லை நிலமில்லை என்று சொல்லிக் கம்பளி வாங்குவதைக் கண்ணாலே கண்டாள். அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை. குண்டனி நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் இழந்தவர்கள் எதிரே வந்தால் என்ன, எப்படி என்று கேட்கக்கூடாது. கூடையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். பிச்சை வாங்கினோம் என்று அவர்கள் குன்றிப்போகாமல் இருக்க, அடுத்து ஒருநாள் தங்கள் காட்டில் களைக்கு வரும்படி கூப்பிட வேண்டும். வந்து களை எடுத்துவிட்டால் கணக்கு நேர். வரமாட்டேன் என்றால் பிச்சைதான் பிழைப்பு என்று அர்த்தம்.

அவள் ராசாமணியை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"காலையில நல்லாத்தான கண்ணு இருந்தாங்க. அதுக்குள்ள அவுங்க ஊடெல்லாம் என்னாச்சு?"

ராசாமணி கையில் இருந்த அத்தாட்சியை மடித்து மடியில் செருகிக்கொண்டான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கூடையை இறக்கி வரிசையில் ஒவ்வொருவர் கையிலும் பழம் வைத்துக்கொண்டே போனாள். பசி. எல்லோரும் தின்றார்கள். தாசில்தார் தோலை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னுசாமி மரியாதையாக முன்னால் வந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழமை சாமைக்குக் களைங்க. எல்லாரும் வந்துருங்க."

தாசில்தார், தமக்கு வேலை இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மாணிக்கம் அவர் காதருகே குனிந்தார்.

"வேலை இருக்கிறது என்றால், இப்போது கையெழுத்திட்டது பொய் என்று ஆகும் எசமான். அதற்கு இரண்டு வருஷம்."

ஆறுமுகசாமியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயில் மிச்சப் பழத்தைப் போட்டுக்கொண்டார். ராசாமணி, மறுபடி ஓடை தாண்டினால் மறுபடி பிரான்சு ஆகாதா என்று கவலையோடு விசாரித்தான். களை எடுக்கப் போகிறவர்களைப் பற்றி எந்த விதியிலும் எதுவும் சொல்லவில்லை என்று மாணிக்கம் சந்தோஷமாகத் தெரிவித்தார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போனார்கள். ஏதுமற்றவர்கள் என்பதற்கு அடையாளமாகச் சர்க்கார் கம்பளியைப் போர்த்துக்கொண்டே போனார்கள். சின்னுசாமி ஆளுக்கு ஒரு களைக்கொத்து கொடுத்து வரப்பில் வரிசையாக இறக்கிவிட்டார். சாமைப் பயிரும் அதனுள் முளைக்கும் புல்லும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். தாசில்தார் எதையும் விடாமல் பிடுங்கினார். ஆறுமுகசாமி, தம் நிலத்தில் ஆள் வைத்தே பழகியவர், நிதானமாகவும் கம்பீரமாகவும் சாமையைப் பிடுங்கிப் புல்லுக்கு மண் அணைத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து மற்ற தோட்டக்காரர்களும் அப்படியே செய்தார்கள். பெரிய நிலக்காரர் செய்தால் சரியாகத்தான் இருக்கும், ஒருவேளை இதுதான் புது முறையோ என்னவோ. மதியத்துக்குள் ஒரு காடு முழுதும் புல் செழிப்பாக நின்றது.

கஞ்சி கொண்டுவந்த பெருமாயி வரப்பில் நின்று பார்த்தாள். சின்னுசாமி வாயைத் திறக்கப்போனார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒண்ணுஞ் சொல்லாதீங்க. பாவம், சொந்தமா ஒரு துண்டு நெலம் இருந்திருந்தா எது பயிரு, எது களைன்னு தெரிஞ்சிருக்கும்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மலைக்காட்டில் காற்று அன்றைக்கு நின்றிருந்தது. ஆறுமுகசாமியின் களைக்கொத்து அந்தரத்தில் நின்றது. அவருக்குப் பின்னால் குனிந்திருந்த அம்சவேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராசாமணி மாமனாரைப் பார்க்காமல் இன்னும் தாழ்வாகக் குனிந்து, தான் பிடுங்கி வைத்திருந்த களைக் கட்டைச் சத்தமில்லாமல் விரித்துப் பார்த்தான். அத்தனையும் சாமை.